மகசூல் முடிவாகும் நாட்கள்

இருபத்திரண்டு அடிக் கயிறு ஒன்று போதும். 60 செ.மீ. இடைவெளியில் பார் பிடித்து விதைத்த மக்காச்சோளக் காட்டுக்குள் போய், ஏதாவது ஒரு வரிசையை ஒட்டிக் கயிற்றை நீட்டி, அதன் நீளத்துக்குள் நிற்கும் செடிகளை எண்ணுங்கள். 22 அடி நீளமும் 60 செ.மீ. அகலமும் உள்ள அந்தத் துண்டு, ஓர் ஏக்கரில் கிட்டத்தட்ட ஆயிரத்தில் ஒரு பங்கு. கயிற்றுக்குள் 27 செடி என்றால் ஏக்கருக்கு 27,000 செடி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் 60-க்கு 25 செ.மீ. இடைவெளியும் இந்த எண்ணில்தான் வந்து நிற்கிறது. ஆனால் ஒரே காட்டில் நாலைந்து இடங்களில் எண்ணினால் 27, 20, 24, 17 என்று மாறி மாறி வரும். விதைக்குக் கொடுத்த காசு 27-க்கு. நிற்பது சராசரியாக 22.

கதிர் முற்றிய பிறகும் இதே கயிறு பயன்படும். கயிற்றுக்குள் இருக்கும் கதிர்கள் 26 என்று வைத்துக்கொள்வோம். ஒரு கதிரைச் சுற்றி 14 வரிசை மணி, ஒரு வரிசையில் 32 மணி, ஒரு மணியின் எடை 0.28 கிராம். நான்கையும் பெருக்கி ஆயிரத்தால் பெருக்கினால் ஏக்கருக்கு ஏறத்தாழ 3,260 கிலோ, அதாவது நூறு கிலோ மூட்டையில் 32 மூட்டைக்குச் சற்று மேல். அறுவடைக்கு முன்பே வண்டி பேசவும் சாக்கு வாங்கவும் இந்தக் கணக்கு போதும்.

இந்தப் பெருக்கலுக்கு வேறொரு முக்கியத்துவமும் உண்டு. கதிர் எண்ணிக்கை, வரிசை, வரிசைக்கு மணி, மணியின் எடை ஆகிய நான்கும் ஒரே நாளில் முடிவாவதில்லை. முதலாவது முளைத்த பத்து நாளில் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. இரண்டாவது செடி முழங்கால் உயரம் இருக்கும்போது. மூன்றாவது பூக்கும் பதினைந்து நாளில். நான்காவது அதற்குப் பிந்திய ஐந்தாறு வாரங்களில். ஒரு எண் முடிவான பிறகு அதற்காகச் செலவு செய்வது வீண். முடிவாகும் முன்பே செய்திருந்தால் அதே செலவு பல மடங்காகத் திரும்பியிருக்கும். மக்காச்சோளத்தில் திட்டமிடுவது என்று நான் சொல்வது, எந்த வாரத்தில் எந்த எண் தீர்மானமாகிறது என்று தெரிந்துகொண்டு, பணத்தையும் தண்ணீரையும் ஆளையும் அந்த வாரத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைப்பதைத்தான்.

முதல் எண்ணிலிருந்து பார்ப்போம். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் 1930-களில் ஹெக்டேருக்குச் சுமார் 1.6 டன் விளைந்த மக்காச்சோளம் இன்று 11 டன் அளவில் விளைகிறது. வீரிய ஒட்டு விதை வந்ததால் ஒவ்வொரு செடியும் பெரிய கதிராகத் தள்ள ஆரம்பித்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். டொனால்ட் டுவிக் என்ற பயிர்ப் பெருக்க அறிஞர், வெவ்வேறு பத்தாண்டுகளில் வெளியான ஒட்டு ரகங்களை ஒரே காட்டில் பக்கத்தில் பக்கத்தில் விதைத்துப் பார்த்தார். செடிகளைத் தாராளமாக இடம்விட்டு நட்டபோது பழைய ரகத்துக்கும் புதிய ரகத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நெருக்கி நட்டபோதுதான் வேறுபாடு தெரிந்தது. பழைய ரகங்கள் நெருக்கத்தில் கதிர் விடாமல் மலடாக நின்றன. புதியவை ஆளுக்கு ஒரு கதிர் வைத்தன. எழுபது எண்பது ஆண்டுகளில் பயிர்ப் பெருக்கம் தந்தது பெரிய கதிரை அல்ல, கூட்டத்தில் பிழைக்கும் குணத்தை. அங்கே ஹெக்டேருக்கு 30,000 செடியாக இருந்தது 80,000 வரை போனதற்கு அதுதான் காரணம்.

நம் ஊர் விவசாயிக்கு இதன் பொருள் நேரடியானது. விலை கொடுத்து ஒட்டு விதை வாங்கிவிட்டு, செடி நன்றாகத் தடிக்கட்டும் என்று தாராளமாக இடம்விட்டு விதைப்பவர், அந்த விதையில் இருக்கும் ஒரே பெரிய திறமைக்குக் காசு கொடுத்துவிட்டு அதைப் பயன்படுத்தாமல் விடுகிறார். மேலே போட்ட கணக்கின்படி, கயிற்றுக்குள் நான்கு கதிர் குறைந்தால் ஏக்கருக்கு 500 கிலோ குறையும். பக்கத்துச் செடிகள் கொஞ்சம் ஈடுகட்டும் என்பதால் உண்மையான இழப்பு அதைவிடக் குறைவாக இருக்கும். ஆனால் நெல்லைப் போலத் தூர் கட்டி இடத்தை நிரப்பும் வழக்கம் மக்காச்சோளத்துக்கு இல்லை. பாடுவாசி விழுந்த இடம் கடைசிவரை பாடுவாசிதான். பத்து நாள் கழித்து அதில் விதை ஊன்றினாலும் பெரிய பயன் இல்லை. இரண்டு இலை பிந்திய செடி நிழலில் மாட்டிக்கொண்டு, தண்ணீரையும் உரத்தையும் தின்றுவிட்டுக் கதிர் தராமல் நிற்கும். விதைக்கும் நாளன்று ஆழம் ஒரே சீராக நாலைந்து செ.மீ. இருக்கிறதா, ஈரம் சீராக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஆகும் கூடுதல் அரை நாளைப் போல லாபமான அரை நாள் இந்தப் பயிரில் வேறு கிடையாது.

இரண்டாவது எண் கதிரைச் சுற்றியுள்ள வரிசை. அது எப்போதும் இரட்டைப்படையாகவே இருக்கும்: 12, 14, 16. பிஞ்சுக் கதிரில் பூக்கள் ஜோடி ஜோடியாகத் தோன்றுவதால் வரும் கணக்கு அது. சந்தேகம் இருந்தால் அடுத்த முறை கடற்கரையில் சுட்ட கதிர் வாங்கும்போது எண்ணிப் பாருங்கள். வரிசை எத்தனை என்பது பெரும்பாலும் ரகத்தின் குணம், ஆனால் அது உருவாவது ஏழெட்டு இலைப் பருவத்தில், அதாவது விதைத்து மூன்று நான்கு வாரத்தில். வெளியே பார்த்தால் செடியில் கதிரின் சுவடே இருக்காது. ஒரு செடியைப் பிடுங்கித் தண்டை நீளவாக்கில் கத்தியால் பிளந்து பார்த்தால் கணு இடுக்கில் ஊசிமுனை அளவில் கதிர் உட்கார்ந்திருக்கும்.

அதனால்தான் பல்கலைக்கழகப் பரிந்துரையில் தழைச்சத்தின் கால் பங்கு அடியுரமாகவும், பாதி 25-ஆம் நாளிலும், மீதி கால் பங்கு 45-ஆம் நாளிலும் வருகிறது. செடி சின்னதாகத்தானே இருக்கிறது, பெரிதாகட்டும், போடலாம் என்று 25-ஆம் நாள் மேலுரத்தைத் தள்ளிப்போடுபவர், கதிரின் அளவு தீர்மானமாகும் நேரத்தில் செடியைப் பட்டினி போடுகிறார். களைக்கும் இதே காலக்கெடுதான். முதல் 40 நாள் காடு சுத்தமாக இருந்தால் பிறகு பயிரின் நிழலே களையை அடக்கிவிடும். ஊடுபயிராக உளுந்தோ தட்டைப்பயறோ போடுவது என்றால் அந்த முடிவை விதைப்புக்கு முன்பே எடுத்தாக வேண்டும். மக்காச்சோளத்துக்கு வழக்கமாக அடிக்கும் அட்ராசின் களைக்கொல்லியை மக்காச்சோளம் தன் உடம்பிலேயே சிதைத்துக்கொள்ளும். பயறு வகைக்கு அந்தத் திறன் இல்லை, கருகிவிடும். அந்த நிலத்துக்குப் பெண்டிமெத்தாலின்தான். மருந்துக் கடையில் நின்றுகொண்டு முடிவு செய்கிற விஷயம் இல்லை இது.

இந்தப் பருவத்தில் இன்னொரு ஆபத்து தண்ணீர் நிற்பது. ஆறு இலை வரும்வரை செடியின் வளரும் நுனி மண்ணுக்குக் கீழேதான் இருக்கிறது. ஆடு மேய்ந்தாலும் துளிர்க்கக்கூடிய செடி, இரண்டு மூன்று நாள் தண்ணீர் தேங்கினால் வேர் மூச்சுத் திணறி மடங்கிவிடும். கரிசல் மண்ணில் பார் பிடித்து, மேட்டில் விதைப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

இனி மூன்றாவது எண். இங்கேதான் நான் அதிக நேரம் நிற்கப்போகிறேன், ஏனென்றால் மக்காச்சோளத்தின் பெரும்பாலான நட்டங்கள் இந்தப் பதினைந்து நாளில்தான் விளைகின்றன.

மக்காச்சோளத்தில் ஆண் பூ உச்சியில். பெண் பூ நடுத்தண்டில், சோகைக்குள். கதிர் முனையில் தொங்கும் பட்டு இழை ஒவ்வொன்றும் உள்ளே ஒரே ஒரு மணிக்குரிய சூலோடு இணைந்திருக்கிறது. 450 மணி வேண்டும் என்றால் 450 இழை வெளியே வர வேண்டும், ஒவ்வொன்றின் மேலும் குறைந்தது ஒரு மகரந்தத் தூளாவது விழ வேண்டும், அது முளைவிட்டு இழைக்குள்ளேயே பயணித்து ஒரு நாளுக்குள் சூலைத் தொட வேண்டும். மகரந்தத்துக்குப் பஞ்சமில்லை, ஒரு ஆண் பூங்கொத்து பல லட்சம் தூள்களைக் கொட்டும். ஆனால் ஒரு செடி கொட்டுவது ஒரு வாரம்போலத்தான், அதிலும் பெரும்பாலும் காலை வேளையில். காற்றில் விழுந்த தூளுக்கு ஆயுள் மிகக் குறைவு. வெயில் 38 டிகிரியைத் தாண்டி வறண்ட காற்றும் வீசினால் இன்னும் குறைவு.

தண்ணீர்ப் பற்றாக்குறை வந்தால் ஆண் பூ தன் தேதியைப் பெரிதாக மாற்றிக்கொள்வதில்லை. பட்டு இழைதான் தாமதிக்கிறது. இழை நீள்வது செல்லுக்குள் தண்ணீர் அழுத்தத்தால். நல்ல ஈரத்தில் நாளுக்கு மூன்று செ.மீ. வரை வளரும் அது, வறட்சியில் சோகைக்குள்ளேயே நின்றுவிடும். வழக்கமாக இரண்டு மூன்று நாளாக இருக்கும் ஆண் பூ, பெண் பூ இடைவெளி ஒரு வாரத்துக்கும் மேல் நீளலாம். இழை வெளியே வரும்போது காட்டில் மகரந்தம் தீர்ந்திருக்கும். மெக்சிகோவில் இருக்கும் சிம்மிட் எனும் பன்னாட்டு மக்காச்சோள, கோதுமை ஆய்வு மையம் வறட்சி தாங்கும் ரகங்களைத் தேடியபோது, வேரின் நீளத்தையோ இலையின் தடிமனையோ மட்டும் நம்பவில்லை. வறட்சியிலும் இந்த இடைவெளி குறுகலாக இருக்கும் செடிகளைப் பொறுக்கி எடுத்தது. வறட்சியைத் தாங்குவது என்பது இந்தப் பயிரில் பெருமளவுக்கு நேரம் தவறாமல் பூப்பதுதான்.

கதிரின் அடிப்பக்க இழைகள் முதலில் வெளிவரும், நுனி இழைகள் கடைசியில். ஆகவே தாமதத்தின் தண்டனை நுனிக்குத்தான். மகரந்தச் சேர்க்கை எப்படி நடந்தது என்று அறுவடைவரை காத்திருக்காமல் பார்க்கலாம். பட்டு வெளிவந்து பத்து நாளில் ஒரு கதிரை ஒடித்து, சோகையைப் பக்குவமாகப் பிரித்து, காம்பைப் பிடித்து லேசாக உதறுங்கள். கருவுற்ற மணிகளின் இழைகள் தாமே உதிர்ந்துவிடும். கருவுறாதவற்றின் இழைகள் ஒட்டிக்கொண்டே இருக்கும். பத்துக் கதிரை இப்படி உதறினால் அந்தக் காட்டின் கணக்கு கையில் வந்துவிடும். பெரும்பகுதி இழை உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்தால், இனிமேல் அந்தக் காட்டுக்குக் கூடுதல் செலவு செய்வதை யோசித்துச் செய்யலாம்.

முற்றிய கதிரிலும் இந்த வரலாறு எழுதியிருக்கும். நுனியில் மணியே இல்லாமல் வெறும் சக்கை என்றால் மகரந்தம் சேரவில்லை. பூக்கும் வாரத்தில் காய்ந்திருக்கிறது. நுனியில் சின்னச் சின்னதாக வெளுத்துச் சுருங்கிய மணிகள் என்றால் கரு உண்டாகி, அடுத்த இரண்டு வாரத்தில் செடி கைவிட்டிருக்கிறது. அப்போது தண்ணீரோ தழைச்சத்தோ போதவில்லை, அல்லது தொடர்ந்து மேகமூட்டம். மணி நுனிவரை பிடித்தும் சப்பையாக இருந்தால் கோளாறு இன்னும் பிந்தியது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. எல்லாவற்றையும் "கதிர் சரியாப் பிடிக்கலை" என்ற ஒரே வாக்கியத்தில் அடக்கிவிட்டு, அடுத்த வருடம் ஒரு மூட்டை உரம் சேர்த்துப் போடுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

ஆகவே விதைப்புத் தேதியை முன்னாலிருந்து எண்ணக் கூடாது, பூக்கும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். தமிழ்நாட்டில் மானாவாரி மக்காச்சோளத்துக்குப் பேர்போன பெரம்பலூர்க் கரிசலை எடுத்துக்கொள்வோம். அங்கே ஆவணிக் கடைசியிலிருந்து ஐப்பசித் தொடக்கம்வரை விதைப்பு நடக்கிறது. பூக்க ஏறத்தாழ 55 நாள். செப்டம்பர் கடைசியில் விதைத்தால் நவம்பர் மூன்றாவது வாரத்தில் பூக்கும். வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் மாதம், மண்ணில் ஈரம் நிறைந்திருக்கும். அக்டோபர் மூன்றாவது வாரத்தில் விதைத்தால் இரண்டு பக்கமும் அடி. நாலு இலைப் பருவத்தில் கனமழையில் தண்ணீர் தேங்கும். பூக்கும்போது டிசம்பர் பாதி, மழை விடைபெறும் நேரம். மூன்று வாரத் தாமதம், ஒரே விதை, ஒரே உரம். தொடர்மழையில் மகரந்தம் நனையாதா என்று கேட்கலாம். நனையும், ஆனால் பட்டு இழை பத்து நாள்போல மகரந்தத்துக்குக் காத்திருக்கும், நடுவில் மழை விடும் காலை வேளைகள் கிடைத்துவிடும். வறட்சிக்கு அப்படி இடைவேளை இல்லை.

நாள் கணக்கு ரகத்தை மட்டும் பொறுத்ததல்ல, வெப்பத்தையும் பொறுத்தது. மக்காச்சோளம் நாட்களை எண்ணுவதில்லை, 10 டிகிரிக்கு மேல் கிடைக்கும் வெப்பத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது. பகலில் 29, இரவில் 20 டிகிரி உள்ள நாள் அதற்குப் பதினாலரை அலகு. சித்திரை வெயிலில் ஒரு நாளிலேயே பதினெட்டு அலகுக்கு மேல் சேர்ந்துவிடும். ஆகவே கோடைப் பயிர் சீக்கிரம் பூத்துச் சீக்கிரம் முற்றும். வெயிலைச் சாப்பிடக் கிடைக்கும் நாட்கள் குறைவு, நான்காவது எண்ணான மணியின் எடையும் குறையும். குளிர்ந்த இரவுகளில் மெதுவாக முற்றும் பயிர்தான் எடை கட்டும். பீகாரிலும், ஆந்திரத்தின் குண்டூர், கிருஷ்ணா பகுதிகளில் நெல் அறுத்த தரிசில் உழாமலே ஊன்றும் காட்டிலும் குளிர்காலப் பயிர் நன்றாக விளைவதற்கு இது முக்கியக் காரணம்.

இறவையில் கேள்வி வேறு: உங்கள் கிணறு எத்தனை ஏக்கரைத் தாங்கும்? இந்தக் கேள்விக்குப் பெரும்பாலோர் விதைப்பு நேரத்துத் தண்ணீரைப் பார்த்துப் பதில் சொல்கிறார்கள். பூக்கும் வாரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் விடை மாறும். அப்போது பயிர் ஒரு நாளைக்கு 7 மி.மீ. தண்ணீர் உறிஞ்சும். ஏக்கருக்கு அது 28,000 லிட்டர். நொடிக்கு 5 லிட்டர் இறைக்கும் மோட்டார், மும்முனை மின்சாரம் 8 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 1,44,000 லிட்டர் கிடைக்கும். ஒரு சொட்டும் வீணாகாமல் இருந்தால் ஐந்து ஏக்கர். வாய்க்காலில் பாய்ச்சினால் பாதிக்கு மேல் பயிருக்குச் சேர்ந்தாலே அதிகம், ஆக மூன்று ஏக்கருக்குள். சொட்டுநீரில் நாலரை. ஐந்து ஏக்கர் விதைத்துவிட்டு ஐந்திலும் பூக்கும் நேரத்தில் அரைத் தண்ணீர் பாய்ச்சுவதைவிட, மூன்று ஏக்கர் மக்காச்சோளமும் இரண்டு ஏக்கர் எள்ளோ பயறோ என்று தொடங்குவது பெரும்பாலும் அதிக லாபம்.

கொஞ்சம் கொஞ்சமாக, பத்து நாள் இடைவெளியில் பிரித்து விதைத்தால் பூக்கும் வாரமும் பிரிந்துவிடுமே என்று ஒரு யோசனை எழும். தண்ணீர்க் கணக்குப்படி அது சரிதான். 2018-க்கு முன்பு நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அந்த ஆண்டு மே மாதம் கர்நாடகத்தில் முதன்முதலில் கண்டறியப்பட்ட அமெரிக்கப் படைப்புழு, அதே ஆண்டுப் பருவத்தில் பெரம்பலூர், அரியலூர்க் காடுகளுக்கு வந்து குருத்துகளைச் சல்லடையாக்கியது. இந்த அந்துப்பூச்சி ஒரே இரவில் நூறு கிலோமீட்டர்வரை பறக்கக்கூடியது. குவியல் குவியலாக முட்டையிடும். வெயில் காலத்தில் ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை முடித்துவிடும். அதற்குப் பிடித்தது இளங்குருத்து. பிரித்துப் பிரித்து விதைக்கும் ஊரில் அதற்கு எப்போதும் இளங்குருத்து கிடைத்துக்கொண்டே இருக்கும். கடைசியாக விதைத்தவர் காட்டில் பந்தி களைகட்டும். அதனால் ஊரே ஒரு வாரம் பத்து நாளுக்குள் விதைத்து முடிப்பது இன்று எந்த மருந்தையும்விடப் பெரிய பாதுகாப்பு. தண்ணீர் போதாது என்றால் பரப்பைக் குறையுங்கள், தேதியைப் பிரிக்காதீர்கள் என்பதுதான் இப்போது சொல்ல முடிந்த ஆலோசனை.

படைப்புழுவின் வாழ்க்கையிலும் ஒரு காலக்கெடு இருக்கிறது. புழு தன் வாழ்நாளில் தின்னும் இலையில் முக்கால்வாசியைக் கடைசிப் பருவத்தில்தான் தின்கிறது. குருத்துக்குள் மரத்தூள் போல எச்சம் நிறைந்து, தலையில் தலைகீழ் ஒய் எழுத்துக் கோடும் வாலருகே சதுரமாக நான்கு கரும்புள்ளியும் தெளிவாகத் தெரியும் அளவுக்குப் புழு வளர்ந்த பிறகு அடிக்கும் மருந்து, எச்சத்தின் மேல்தான் விழும். இலையில் ஜன்னல் கண்ணாடி போல் வெளிறிய சுரண்டல்கள் தெரியும் 15, 20-ஆம் நாளில் குருத்துக்குள் இறங்கும்படி அடித்தால் ஒரு தெளிப்பே பாதி வேலையை முடிக்கும். விதை நேர்த்தி, கோடை உழவு, வேப்பம்புண்ணாக்கு, வரப்பில் தட்டைப்பயறும் எள்ளும், ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி ஆகியவை எல்லாம் விதைப்புக்கு முன்போ அன்றோ செய்ய வேண்டியவை. பத்து வரிசைக்கு ஒரு முறை 75 செ.மீ. நடைபாதை விடச் சொல்லும் பரிந்துரையும் அப்படித்தான். தெளிப்பானோடு உள்ளே நடந்துபோக வழி விடாமல் விதைத்துவிட்டு, இடுப்பளவு பயிரில் வரப்பிலிருந்தே மருந்தடிப்பதைக் காட்டுக்குக் காடு பார்க்கலாம்.

இனி காசுக்கு வருவோம். உரத்தைப் பற்றிய அறிவுரைக் கட்டுரைகளில், அதிகம் போட்டால் நட்டம் என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். யூரியாவைப் பொறுத்தவரை இந்தியாவில் அது விவசாயியின் பையைப் பார்த்தால் உண்மையில்லை. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. அதில் இருக்கும் தழைச்சத்து 20.7 கிலோ. ஒரு கிலோ தழைச்சத்து 13 ரூபாய்க்கும் கீழே. கிலோ 22 ரூபாய்க்கு மக்காச்சோளம் விற்கும் ஒருவருக்கு, கூடுதலாகப் போடும் ஒரு கிலோ தழைச்சத்து 600 கிராம் மணி தந்தாலே முதல் திரும்பிவிடும். அமெரிக்க விவசாயிக்கு அதே ஒரு கிலோ தழைச்சத்தை வாங்க நாலு முதல் ஆறு கிலோ மக்காச்சோளம் விற்றாக வேண்டும். அதனால் அயோவா உள்ளிட்ட மாநிலப் பல்கலைக்கழகங்கள் அங்கே பரிந்துரைப்பது அதிகபட்ச மகசூல் தரும் அளவை அல்ல, அதற்குக் கொஞ்சம் முன்னால், அதிகபட்ச வருமானம் தரும் அளவை. நம் மானியம் அந்த இடைவெளியை அழித்துவிட்டது. தேவைக்கு மேல் போட்ட யூரியா கரைந்து கிணற்றில் நைட்ரேட்டாகச் சேர்வதும், தண்டு மென்மையாகிக் காற்றில் சாய்வதும், பூச்சி கூடுவதும் நிஜம்தான். ஆனால் அந்தச் செலவு பில்லில் வராது.

விவசாயியின் பணம் கரைவது யூரியாவில் இல்லை, விதை, டி.ஏ.பி., மருந்து, கூலி, எந்திர வாடகை ஆகியவற்றில். டி.ஏ.பி. தாராளமாகப் போட்டுத் துத்தநாகத்தை மறந்த காட்டில், மணிச்சத்து மிகுந்து துத்தநாகம் செடிக்குக் கிடைக்காமல் இளங்குருத்து வெளுத்துப்போவதைப் பார்க்கலாம். செலவு செய்து வரவழைத்த குறை. மண் பரிசோதனை அட்டை ஒன்று கையில் இருந்தால், எந்த மூட்டையைக் குறைக்கலாம் என்பது தெரியும். அதை எடுக்க வேண்டிய காலம் விதைப்புக்கு ஒரு மாதம் முன்பு.

முட்டுவழிச் செலவின் இயல்பும் கவனிக்க வேண்டியது. ஏக்கருக்கு மொத்தச் செலவு 32,000 ரூபாய், குவிண்டால் விலை 2,200 என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். பதினாலரை மூட்டைவரை விளைவது செலவுக்கே போகும். 20 மூட்டை விளைந்தால் கையில் 12,000. 24 மூட்டை விளைந்தால் 20,800. மகசூல் ஐந்தில் ஒரு பங்குதான் கூடியது, லாபம் 70 சதவீதத்துக்கு மேல் கூடிவிட்டது. உழவும் விதையும் குத்தகையும் 20 மூட்டைக்கும் 24 மூட்டைக்கும் ஒன்றுதான். சீரான முளைப்பு, நேரத்து மேலுரம், பூக்கும் வாரத்து ஒரு தண்ணீர் ஆகியவை தரும் அந்தக் கடைசி நாலு மூட்டை ஏறக்குறைய முழுக்க லாபம். இதே கணக்கு மறுபக்கமும் வெட்டும்: கதிர் முற்றும் நேரத்தில் மனத்திருப்திக்காக அடிக்கும் 1,500 ரூபாய் டானிக் ஒன்று அதில் கிட்டத்தட்ட முக்கால் மூட்டையைத் தின்றுவிடும்.

அறுவடைக்கு அடையாளம் காய்ந்த சோகை மட்டும் அல்ல. மணியைப் பெயர்த்து அடிநுனியை நகத்தால் கீறினால் கறுப்புப் புள்ளி தெரிய வேண்டும். அதோடு செடிக்கும் மணிக்கும் உள்ள தொடர்பு அறுந்தது. இனி ஒரு கிராம்கூட எடை ஏறாது. அப்போது மணியில் ஈரப்பதம் 30 முதல் 35 சதவீதம். விற்கும் அளவு 14. இந்த இறக்கத்தைச் செடியிலேயே நடக்க விடுவதா, களத்தில் காயவைப்பதா என்பதில் காட்டுப்பன்றியும் மயிலும் மழை முன்னறிவிப்பும் முடிவு சொல்லும். 20 சதவீத ஈரத்தில் இருக்கும் 100 கிலோ, 14 சதவீதத்துக்குக் காய்ந்தால் 93 கிலோவாகும். ஈரத்துக்காக மண்டியில் கழிப்பது இந்த 7 கிலோவையும் காயவைக்கும் கூலியையும் தாண்டினால், தாராளமாகத் தகராறு செய்யலாம். ஈரத்தோடு குவித்து வைத்த மணியில் வரும் பூஞ்சாணம் வேறு கதை. அது உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் நச்சுக்காகத்தான் நாமக்கல் கோழித் தீவன ஆலைகள் லோடை இறக்கும் முன்பே மாதிரி எடுக்கின்றன. முட்டைக்கோழித் தீவனத்தில் பாதியளவு மக்காச்சோளம் என்பதால் அவர்களுக்கு வேறு வழியில்லை. தார்ச்சாலையில் பரப்பிக் காயவைத்தால் ஈரம் போய்விடும், கல்லும் மண்ணும் சேர்ந்துவிடும். ஊருக்கு ஒரு சிமெண்ட் களம் என்பது இந்தப் பயிரின் மிக மலிவான முதலீடு. இருந்தும் எத்தனையோ ஊர்களில் இன்னும் சாலைதான் களம்.

விலையைத் திட்டமிட முடியாது, ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க முடியும். சில ஆண்டுகளாகத் தீவன ஆலையோடு சாராய ஆலையும் போட்டிக்கு வந்துவிட்டது. பெட்ரோலில் கலக்கும் எத்தனாலில் மக்காச்சோளத்திலிருந்து எடுப்பதற்கு 2023-24 ஆண்டில் எண்ணெய் நிறுவனங்கள் லிட்டருக்கு 71 ரூபாய் 86 காசு கொடுத்தன. ஒரு டன்னில் சுமார் 380 லிட்டர் கிடைக்கும். ஏற்றுமதி செய்துகொண்டிருந்த இந்தியா 2024-இல் மியான்மர், உக்ரைன் மக்காச்சோளத்தை இறக்குமதி செய்தது. குறைந்தபட்ச ஆதார விலை 2024-25-இல் 2,225, 2025-26-இல் 2,400 ரூபாய். ஆனால் நெல்லைப் போல நேரடிக் கொள்முதல் நிலையம் வைத்து மூட்டை மூட்டையாக யாரும் வாங்கப்போவதில்லை. தையிலும் மாசியிலும் எல்லாக் காடும் ஒன்றாக அறுவடைக்கு வரும். அந்த வாரங்களில் விலை இறங்குவது யாருடைய சதியும் அல்ல. நன்றாகக் காய்ந்த மணியை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக் கிடங்கில் வைத்து, அதன் மேல் பொருளீட்டுக் கடன் வாங்கி, கூலியையும் கடை பாக்கியையும் அடைத்துவிட்டு இரண்டு மூன்று மாதம் கழித்து விற்க வழி இருக்கிறது. அதற்கு 14 சதவீத ஈரப்பதம் வேண்டும், கிடங்கில் இடம் இருக்கிறதா என்று அறுவடைக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். விலை ஏறும் என்று உறுதி கிடையாது. வண்டு விழும் இழப்பும் வட்டியும் சேர்த்து மூட்டைக்கு எவ்வளவு ஏறினால் காத்திருந்தது சரி என்று முதலிலேயே ஒரு தொகையை எழுதி வைத்துக்கொண்டு, அது வந்த அன்று விற்றுவிடுங்கள்.